தேய்க்கும் கையைப் பாருங்கள்

டம்ப்ளிங் செய்வதற்கு ஆயிரம் வீடியோ இருக்கும்போது, அதற்கென்று ஒரு வகுப்புக்குப் போய் நாலு பேரோடு நின்று கற்கவேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும் என்பேன். ஏனென்று சொல்கிறேன்.

வட சீனாவில் டம்ப்ளிங்குக்கு ஜியாவ்சி என்று பெயர். கோதுமை விளையும் பகுதி அது. சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின இரவு, 1983 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகும் வசந்த விழாக் கலைநிகழ்ச்சி ஒரு பக்கம் ஓட, குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். ஒருவர் மாவை நறுக்குவார், ஒருவர் தேய்ப்பார், மற்றவர்கள் பூரணம் வைத்து மூடுவார்கள். பேச்சுத்துணைக்காக மட்டும் கூடுவதில்லை. தேய்த்த வட்டம் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாலே ஓரம் காய்ந்துவிடும், அப்புறம் ஒட்டாது. தேய்ப்பவரின் வேகத்துக்கு மூடுபவர்கள் ஈடுகொடுத்தாக வேண்டும். பெய்ஜிங்கின் ஹூதோங் சந்துகளில் வெளியூர்க்காரர்களுக்கு நடக்கும் சமையல் வகுப்புகள் நன்றாக அமைவதற்குக் காரணமும் இதுதான். வேலையே கூட்டு வேலை.

முதலில் மாவு. 100 கிராம் மைதாவுக்குச் சுமார் 50 கிராம் தண்ணீர். கொதிநீரில் போட்டு வேகவைப்பதென்றால் பச்சைத் தண்ணீரில் பிசைவார்கள். அப்போது மாவில் பசைத்தன்மை இறுகி, கொதியில் கிழியாமல் தாங்கும். ஆவியில் வேகவைக்கவோ வாணலியில் பொரிக்கவோ என்றால் வெந்நீர். சூடு பட்டதும் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும், மாவுச்சத்து நீரை இழுத்துக்கொள்ளும். நம் கொழுக்கட்டைக்குப் பச்சரிசி மாவை வெந்நீரில் கிளறுகிறோமே, அதுபோல மெத்தென்று வரும். எப்படிப் பிசைந்தாலும் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.

இனிதான் விஷயம். சீனத் தேய்ப்புக் கட்டை ஒல்லியானது, கைப்பிடி கிடையாது. வலது உள்ளங்கை அதை உருட்டும். இடது கைவிரல்கள் மாவு வட்டத்தின் விளிம்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டை ஓரத்திலிருந்து உள்ளே ஏறும், நடுவைத் தொடுமுன் திரும்பிவிடும்; வட்டம் கொஞ்சம் திரும்பும்; மறுபடி ஏறும். முடிவில் ஓரம் மெல்லிசாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் நிற்கும். பூரணத்தின் எடையைத் தாங்குவது அந்த நடுத் தடிப்பு. மூடும்போது இரண்டு ஓரங்களும் சேருமிடம் கட்டியாகி வேகாமல் போகாதிருப்பது மெல்லிய விளிம்பால். இதை வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும், எவ்வளவு அழுத்துவது என்பது தெரியாது. பக்கத்தில் நிற்பவர் உங்கள் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்து, "இங்கே இன்னும் தடிப்பு" என்று காட்டவேண்டும்.

பூரணத்தில் பார்க்கவேண்டியது தண்ணீரை. கொத்திய பன்றி இறைச்சியில் இஞ்சி, வெங்காயத்தாள் ஊறிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரே திசையில் கலக்குவார்கள். இறைச்சி அந்த நீரைப் பிடித்துக்கொண்டு பசைபோலத் திரளும். கடிக்கும்போது சாறு வருவது அதனால்தான். சீன முட்டைக்கோஸை நறுக்கி, உப்புப் போட்டுப் பிழிந்து, கடைசியில் சேர்ப்பார்கள். பிழியாமல் போட்டால் நீர் விட்டு மாவு நனைந்துபோகும். இறைச்சி வேண்டாதவர்களுக்கு முட்டையும் பூண்டு வாசம் வீசும் ஒருவகைத் தழையும். எந்தப் பூரணமானாலும் எண்ணெய் விளிம்பில் படக்கூடாது, பட்டால் மூடாது.

வேகவைப்பதில் ஒரு பழைய வழக்கம்: தண்ணீர் பொங்கி வரும்போது ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் விடுவது, இப்படி மூன்று முறை. கொதியின் வேகம் அடங்கும், மேல்மாவு சிதையாமல் உள்ளே வெந்துவிடும். பிறகு கறுப்பு வினிகரில் தோய்த்துச் சாப்பிடவேண்டியதுதான்.

சின்ஜியாங்கில் துர்ஃபான் அருகே அஸ்தானா கல்லறைகளில், தாங் வம்சக் காலத்து (618–907) டம்ப்ளிங்குகள் பாலைவன வறட்சியில் காய்ந்து அப்படியே கிடைத்தன. வடிவம் இன்றைய ஜியாவ்சிதான். கைக்குக் கை வந்த தொழில் இது.

ஆகவே வகுப்பில் சேரும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மேல்மாவை நாமே தேய்ப்போமா, கடையில் வாங்கி வைத்திருப்பார்களா? வாங்கி வைத்தது என்றால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.