சுழலும் வரை உயிர்

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்காற்று தமிழகத்துக்குள் பாய்ந்து வருகிறது. கணவாயை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் 1990களிலேயே கேரள மின்வாரியம் காற்றாலைகளை நிறுவியது. தெற்கே இடுக்கி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே மாவட்டத்து மாங்குளத்தில், ஓடைநீரைக் கொண்டே வீட்டுக்கு விளக்கேற்றிய குடும்பங்கள் உண்டு. இந்த எல்லைப்புற மலைகளில் நிற்கும்போது, இவற்றுக்கெல்லாம் மூத்ததான நீராலை நம் நினைவுக்கு வருகிறது.

இமயமலைச் சிற்றூர்களில் அதன் பெயர் 'கராட்'. ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்கால் நீர், சரிந்த மரத்தூம்பு வழியே வேகமாக இறங்கிக் கிடைமட்டச் சக்கரத்தின் இதழ்களைத் தாக்கும். சக்கரத்தின் அச்சு மேற்கல்லைச் சுழற்ற, அசையாத கீழ்க்கல்லின் மீது தானியம் மாவாகும். கல் மெதுவாகச் சுழல்வதால் மாவு அதிகம் சூடேறாது. எரிபொருட்செலவும் இல்லை.

டீசல், மின் அரவை இயந்திரங்கள் வந்தபின் கராட்டுகளுக்கு வேலை குறைந்தது. கூலியாகக் கிடைத்த மாவு குடும்பத்துக்குப் போதாமற்போகவே, பலர் தொழிலைக் கைவிட்டனர். இந்நிலையை மாற்ற முன்வந்தவர்களுள் ஒருவர் அனில் பிரகாஷ் ஜோஷி. கோட்துவாரில் கல்லூரி ஆசிரியராக இருந்த அவர், 'ஹெஸ்கோ' அமைப்பைத் தொடங்கி மலைக்கிராமங்களின் பணிக்கே வாழ்நாளை அளித்தார். கராட்டைக் காட்சிப்பொருளாக்க அவர் எண்ணவில்லை; அதன் வருவாயைப் பெருக்கவே முனைந்தார். சக்கரத்தையும் அச்சையும் செம்மைப்படுத்தினால் அரவை கூடும். டைனமோவை இணைத்தால் அதே நீரில் மின்சாரமும் கிடைக்கும். அவருடைய பணிகளுக்காக 2006இல் பத்மஸ்ரீ, 2020இல் பத்மபூஷண் விருதுகள் வழங்கப்பட்டன.

நெதர்லாந்தும் இதே பாடத்தைக் கற்றிருக்கிறது. அங்கே பழைய ஆலைகளைத் தன்னார்வலர்கள் முறையாகப் பயின்று இயக்குகின்றனர். 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது ஆலைக் கட்டடத்தையன்று. காற்றாலையையும் நீராலையையும் இயக்கும் ஆலைக்காரரின் கைத்திறனை.

ஓடாத ஆலையில் மரம் உளுத்துப்போகும், இரும்பு துருவேறும், கல் கொத்தும் பக்குவம் மறந்துபோகும். பூட்டிவைத்து எந்த ஆலையையும் காக்க இயலாது. அரைக்கத் தானியமும் ஆலைக்காரருக்குக் கட்டுபடியாகும் கூலியும் இருக்கும்வரைதான் அது நிலைக்கும். முதலீடும் அப்படித்தான் என்பதை நம் வாடிக்கையாளர்கள் அறிவார்கள்: புழக்கத்தில் உள்ளதே பலன் தரும்.