பருப்பு கடையில் இருக்கிறது. கணிப்பொறி இல்லை என்கிறது!

கடையில் மூட்டை மூட்டையாகத் துவரம்பருப்பு அடுக்கியிருப்போம். பில் போடும் பையன் கணிப்பொறியில் "பருப்பு" என்று தட்டுவான். அப்படி ஒரு சரக்கே இல்லை என்று வரும். வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அல்லது பையன் அதே சரக்கைப் புதுப்பெயரில் பதிந்துவிடுவான். ஒரே சரக்கு இரண்டு கணக்காகி, இருப்பும் கொள்முதலும் குழம்பும்.

இது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு அல்ல. சொல் பிரிப்பதில் வரும் சிக்கல்.

பேரேட்டின் முன்பக்கத்தில் ஆள் பெயரும் பக்க எண்ணும் எழுதி வைக்கிறோம் அல்லவா? முழு உரைத் தேடல் வசதி உள்ள தரவுத்தளமும் அப்படித்தான். சரக்குப் பெயர்களைச் சொல் சொல்லாக வெட்டி, எந்தச் சொல் எந்தப் பதிவில் இருக்கிறது என்று அட்டவணை போட்டுக்கொள்கிறது. தேடும்போது அந்த அட்டவணையைத்தான் பார்க்கிறது. அதனால் லட்சம் பதிவுகளிலும் விரைவில் விடை கிடைக்கிறது. வெட்டு தவறினால் விடையும் தவறும்.

ஆங்கிலத்தில் இடைவெளி கண்ட இடத்தில் வெட்டினால் பெரும்பாலும் போதும். சீனம், ஜப்பானியம், தாய்லாந்து மொழி ஆகியவற்றில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. அங்கே அகராதியை வைத்துப் பிரிப்பார்கள். அல்லது இரண்டிரண்டு எழுத்தாக நறுக்குவார்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பில் இந்த நறுக்கும் முறையைச் சேர்த்தது.

நம் தமிழில் இடைவெளி உண்டு. ஆனால் சேர்த்தும் எழுதுகிறோம். "துவரம்பருப்பு" என்று சேர்த்தெழுதினால் இயந்திரத்துக்கு அது ஒரே சொல். "மிளகாய்த்தூள்" வேறு, "மிளகாய் தூள்" வேறு. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பில், தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களைந்து தேடும் வசதி சேர்ந்தது. ஆனாலும் சேர்த்தெழுதிய சொல்லை அது இரண்டாகப் பிரித்துத் தராது.

குறுஞ்சொற்களுக்கும் சோதனை உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி அட்டவணை, அமைப்பை மாற்றாதவரை மூன்று குறிக்குக் குறைந்த சொல்லை ஏற்காது. "டீ" என்பது "ட" ஒன்று, நெடில் குறி ஒன்று, ஆக இரண்டே குறி. எனவே தனியே எழுதிய "டீ" அட்டவணையில் ஏறாது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. சரக்குப் பெயரை எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். "துவரம் பருப்பு" என இடைவெளி விட முடிவு செய்தால், பட்டியல் முழுதும் அப்படியே இருக்கட்டும். எடையைத் தனிக்கட்டத்தில் பதியுங்கள்.

2. மல்லியும் தனியாவும் ஒன்று என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. மாற்றுப் பெயர்களுக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

3. பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியபிறகே புதியதோடு சேருங்கள்.

4. பெயரின் நடுவிலுள்ள எழுத்துகளையும் தேடும் முறை உண்டு. பதிவு பெருகினால் வேகம் குறையலாம். சிறு கடைக்கு அதுவே போதும். மென்பொருள் விற்பவரிடம் கேளுங்கள்.

மாதிரி பார்க்காமல் நாம் ஒரு மூட்டை அரிசி வாங்குவதில்லை. மென்பொருளுக்குப் பணம் கட்டுமுன், நம் கடைச் சரக்கில் பத்துப் பெயர்களைத் தமிழில் தட்டிப் பார்ப்போம். பத்தும் அகப்பட்டால் பேரம் பேசுவோம்.