பல்லுக்குள் ஒரு திருகாணி

நம் சங்கத்துக் குடும்பங்களில் இம்பிளான்ட் பல் வைத்துக்கொண்ட பெரியவர்கள் இப்போது பலர். சில வருடம் கழித்து மேலே உள்ள கேப் லேசாக ஆடினால், "போச்சு, இம்பிளான்டே போச்சு" என்று கலங்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் போனது இம்பிளான்ட் அல்ல. உள்ளே இருக்கும் சின்னத் திருகாணி தளர்ந்திருக்கும். நான் மருத்துவன் அல்லன், நட்டு போல்ட் வியாபாரி. ஆனாலும் இந்த விஷயத்தில் பாதி என் கடைச் சரக்கு என்ற துணிவில் எழுதுகிறேன்.

தாடை எலும்பில் பதிவது டைட்டானிய வேர். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்று கண்டு, 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தவர் சுவீடன் நாட்டுப் பிராணேமார்க். வேரின் மேல் நிற்கும் தாங்கியை மருத்துவர்கள் அபட்மென்ட் என்பார்கள். கேப் அதன் மேல். வேரையும் தாங்கியையும் பிணைப்பதுதான் நம் திருகாணி. விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்.

திருகாணி எப்படிப் பிடிக்கிறது? மரை முழுதும் ஏறி உட்கார்ந்த பிறகு மேலும் முறுக்கினால், ஆணி கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. இழுத்த ஸ்பிரிங் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசையே இரண்டு பாகத்தையும் அழுத்திப் பிடிக்கிறது. இதை முன்சுமை என்று சொல்லலாம். மெல்லும்போது பாகங்களைப் பிரிக்கப் பார்க்கும் விசை முன்சுமையை மிஞ்சாத வரை பயமில்லை. மிஞ்சினால் இடுக்கு விழும். ஆணி கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னோக்கித் திரும்பும்.

பல கம்பெனிகள் சொல்லும் முறுக்கு அளவு 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டர் கைப்பிடி நுனியில் சுமார் மூன்றரை கிலோ தொங்கினால் வரும் முறுக்கு. விரல் கணக்கு இங்கே செல்லாது, டார்க் ரெஞ்ச் வேண்டும். அந்த முறுக்கிலும் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடும். பத்தில் ஒரு பங்குதான் முன்சுமையாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. அதற்காக மிதமிஞ்சி முறுக்கினால் நீண்ட ஆணி திரும்பச் சுருங்காது, அறுந்தும் போகும்.

இன்னொன்று. மரை வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் நுண்மேடுகள் உண்டு. அவை நசுங்கி அமரும்போது முன்சுமையில் 2 முதல் 10 சதவீதம் வரை குறையும். அதனால்தான் மருத்துவர் 10 நிமிடம் காக்க வைத்து மறுபடி முறுக்குகிறார். "இன்னும் எதுக்கு உட்கார வைக்கிறாரு" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கும், கடைவாயில் தனிப்பல்லாக வைத்தவர்களுக்கும் தளர்வு அதிகம் வரலாம். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தை போல நார்த்திசு இருக்கிறது. இம்பிளான்டுக்கு அது இல்லை. கடி பலமாக விழுவது நமக்கே தெரியாது. பழைய மாடலில் இணைப்பு அறுகோணத்தின் உயரம் வெறும் 0.7 மில்லிமீட்டர். இப்போது கூம்பு வடிவில் உள்ளே ஆழமாக அமரும் இணைப்புகள் பரவலாகிவிட்டதால், பக்கவாட்டு விசையில் பெரும்பங்கைக் கூம்புச் சுவரே வாங்கிக்கொள்கிறது. ஆணிக்குப் பாரம் குறைவு.

ஆட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள், உடனே காட்டுங்கள். தளர்ந்த ஆணி வளைந்து வளைந்து ஒருநாள் உள்ளேயே முறியும். அந்தத் துண்டை எடுப்பது பெரும்பாடு.

நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வாழ்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆணியும் அதற்கான முடுக்கியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்னையில் வைத்த பல்லை இங்கே முறுக்க வேண்டுமானால் கம்பெனி பெயர், மாடல், அளவு தெரிய வேண்டும். வைத்த அன்றே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.