எந்தக் கதவைத் தட்டுவது?

2024 மார்ச் 1ஆம் திகதி, சென்னையைச் சேர்ந்த திருமணப் பொருத்தச் சேவையான பாரத் மேட்ரிமோனியின் செயலிகள் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து காணாமற் போயின. தகராறு கட்டணம் பற்றியது. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் 11 முதல் 26 சதவீதம் வரை கூகுள் கேட்கிறது, அது தாங்க முடியாத சுமை என்று அந்த நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போயிருந்தது.

கூகுள் அங்கே முதலில் வைத்த வாதத்தைக் கவனியுங்கள். இதை விசாரிக்க இந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை, இந்தியப் போட்டி ஆணையத்துக்குத்தான் போக வேண்டும் என்றது. சட்டப்படி அது வெறும் சாட்டுமல்ல. 2023 ஓகஸ்டில் தனி நீதிபதி அதை ஏற்றார்; 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் ஏற்றது. பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்புத் தரவில்லை. மூன்று வாரத்தில் செயலிகள் போய்விட்டன. இந்திய அரசு தலையிட்ட பின்னரே திரும்பி வந்தன. கட்டணம் நியாயமா என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் தொடவேயில்லை.

சரி, ஆணையத்தின் கதவு? இதே நிறுவனம் 2012இல், கூகுள் தேடலில் பக்கச்சார்பு இருப்பதாக அங்கே முறையிட்டது. 135.86 கோடி இந்திய ரூபாய் தண்டம் வந்தது 2018இல். 2022 ஒக்ரோபரில் அன்ட்ரொயிட் தொடர்பாக இன்னும் பெரிய தண்டம், 1,337.76 கோடி. கூகுள் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2023 மார்ச்சில் தண்டம் அப்படியே நின்றது. ஆணையம் இட்ட 10 கட்டளைகளில் 4 விழுந்தன. என் பார்வையில் கூகுளின் உண்மையான வெற்றி அந்த நான்கில்தான். அத்தனை பெரிய நிறுவனத்துக்குத் தண்டம் ஒரு செலவு; வியாபார முறையை மாற்று என்ற கட்டளைதான் வலிக்கும்.

இது நமக்கு ஏன்? யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியிலோ சுன்னாகத்திலோ ஒரு பிள்ளை ரியூசன் வகுப்புக்கு ஒரு செயலி செய்து விற்றால், அதுவும் கூகுள் பிளேயின் அதே ஒப்பந்தத்தின் கீழ்தான். "சம்மதம்" என்று அழுத்தும் அந்த ஒப்பந்தம், பிணக்குகளைக் கலிபோர்னியாவின் சான்ரா கிளாரா நீதிமன்றங்களுக்கு அனுப்புகிறது. வாசிக்காமல் அழுத்தாதீர்கள்.

இங்கே எந்தக் கதவு? இலங்கையில் ஏகபோகத்தையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்க 1987இல் நியாய வர்த்தக ஆணைக்குழு இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதை நீக்கியது. இணைப்புகளைத் தடுக்கும் அதிகாரமும் சேர்ந்து போய்விட்டது. அது பெரும் பிழை. ஆனாலும் அச்சட்டத்தின் 34, 35ஆம் பிரிவுகள் உயிரோடு இருக்கின்றன. பொருளிலோ சேவையிலோ போட்டியைத் தடுக்கும், திரிக்கும் நடத்தையை அதிகார சபை விசாரிக்கலாம். தனியாளும், பாவனையாளர் அமைப்பும், வர்த்தகர் சங்கமும் முறையிடலாம். தனியாளைவிடச் சங்கத்தின் கடிதத்துக்குக் கனம் அதிகம். யாழ்ப்பாணத்துச் செயலி செய்வோர் ஒன்று கூடி எழுதட்டும்.

கலிபோர்னிய நிறுவனத்தைக் கொழும்பில் பதில் சொல்ல வைப்பது இலகுவல்ல. ஆனால் முறைப்பாடு ஒன்றும் பதிவாகாத இடத்தில் சட்டத்தைத் திருத்தவும் ஆரும் முன்வரமாட்டார்கள்.

தனிப் பாவனையாளருக்கு வழி வேறு. வாங்கிய பொருளில், பெற்ற சேவையில் குறையென்றால் 3 மாதத்துக்குள் அதே அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தவறினால் கதவு மூடிவிடும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், யாழ் மாவட்டச் செயலகத்திலுள்ள அலுவலகத்துக்கும் போகலாம். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் முறைப்பாடு எங்கே நிற்கிறது" என்று கேளுங்கள்.

சான்றுகளை இன்றே சேருங்கள். அமெரிக்க வழக்குகளில், கூகுள் ஊழியர்களின் உள் அரட்டைகள் பல 24 மணி நேரத்தில் தாமாக அழிய விடப்பட்டதை நீதிபதிகள் கண்டித்தார்கள். அவர்கள் பக்கத்துப் பதிவு இருக்குமென்று நம்பியிருக்க வேண்டாம். பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று, நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல், திகதி தெரியும் திரைப்பிடிப்புகள், சம்மதித்த நாளிலிருந்த ஒப்பந்தத்தின் பிரதி எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஒப்பந்தங்கள் மாறிக்கொண்டேயிருக்கும், பழையதைப் பிறகு தேடிப் பிடிப்பது கடினம்.