பழைய கார்களைத் தின்னும் கறள்: குனிந்து பார்ப்பவர் யார்?

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் வீடுகளில் பழைய கார் ஒன்றுக்கு எப்போதும் தனி இடமுண்டு. அமெரிக்க மண்ணில் முதற் சம்பளங்களில் மிச்சம் பிடித்து வாங்கிய ரொயோற்றா கம்றி, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் ஏற்றிச் சென்ற சியன்னா, மகன் ஓட்டப் பழகிய ஹொண்டா சிவிக் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்ப வரலாறு உண்டு. இரண்டு இலட்சம் மைல்கள் கடந்த பின்னரும் இயந்திரம் சீராக இயங்குகின்றது. விற்றால் கிடைக்கும் பணமோ மிகச் சொற்பம். எனவே "இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற ஒரே சொல்லுடன் அவ்வாகனம் மேலும் ஒரு குளிர்காலத்துக்குள் செலுத்தப்படுகின்றது.

ஆனால் இயந்திரம் நன்றாக இருப்பது வேறு. வாகனம் நன்றாக இருப்பது வேறு. பழைய கார்கள் பலவற்றின் ஆயுளை முடித்து வைப்பது இயந்திரம் அன்று. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பரவும் கறளும், அதனோடு கைகோத்து வரும் மின்கோளாறுமே அவற்றின் உயிரைக் குடிக்கின்றன. சில வேளைகளில் அவற்றில் பயணம் செய்வோரின் உயிருக்கும் அவை உலை வைக்கின்றன.

யாழ்ப்பாணத்து அனுபவம்

பழைய காரைப் பேணும் கலை எமக்குப் புதிதன்று. 1948 ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனர், 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தி செய்யப்பட்டது. அதுவும், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியனவும் யாழ்ப்பாணத்து வீதிகளின் அடையாளங்களாகவே விளங்கின. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இலங்கையில் புதிய கார்களின் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே இருந்ததைக் காப்பதே வழியாயிற்று.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் என்பன வடக்குக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. அப்போதும் இக்கார்கள் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம் அது. இயந்திரத்தின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தமையே மண்ணெண்ணெயை அது சகித்துக் கொண்டதற்குக் காரணம். வலுவிழந்த பற்றரி கைவிட்டபோது முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினர். விந்தை என்னவெனில், வடக்கே ஒரு பற்றரிக்கு ஏங்கிய அதே 1990களில், தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான புதிய தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பப்பட்டன.

கடல் சூழ்ந்த குடாநாட்டின் உப்புக் காற்றில் இக்கார்கள் எவ்வாறு தப்பிப் பிழைத்தன? தடித்த இரும்புத் தகடு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உரிமையாளரும் கராஜ்காரரும் காரின் அடிப்பாகத்தை அறிந்திருந்தமையே. மழைக்காலம் முடிந்ததும் காரைக் கிடங்கின் மேல் நிறுத்திக் கீழே இறங்கிப் பார்த்தார்கள். பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசினார்கள். உக்கிய தகட்டை வெட்டி ரிங்கரிங் செய்தார்கள். வயர் முனைகளை உரஞ்சித் துடைத்துப் பூட்டினார்கள். அங்கே பார்வையே பாதி மருத்துவமாக இருந்தது. அந்தப் பார்வையைத்தான் இங்கே நாம் இழந்து நிற்கின்றோம்.

இரண்டும் ஒரே நோய்

இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சந்தித்தால் கறள் பிறக்கின்றது. உப்பு அங்கே சேருமாயின் நீர் மின்னை எளிதாகக் கடத்தும் திரவமாகி, அரிப்பு பன்மடங்கு விரைவு பெறுகின்றது. கறள் தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால் பூச்சு கொப்புளமாக எழும்புகின்றது. வெளியே ஒரு கொப்புளம் தெரிகின்றது என்றால் உள்ளே அரிப்பு நெடுநாளாக நடந்திருக்கின்றது என்பதே பொருள்.

மின்கோளாறுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? காரில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர்கள் பற்றரிவரை ஓடுவதில்லை. மின் ஒரு வயரால் சென்று, வாகனத்தின் இரும்பு உடல் வழியாகவே பற்றரிக்குத் திரும்புகின்றது. இதனையே "ஏர்த்" என்கின்றோம். அந்த வயர் உடலோடு பூட்டப்பட்ட ஆணியின் அடியில் கறள் படிந்தால் மின் தடைப்படுகின்றது. வலதுபுறம் திரும்பச் சமிக்ஞை இட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுங்குவது, முன்விளக்கு மங்குவது, குளிர்காலக் காலையில் இயந்திரம் முனகி நின்றுவிடுவது ஆகிய பலவற்றின் வேர் இதுவே. பற்றரியையும் ஒல்ரனேற்றரையும் மாற்றிப் பணத்தைச் செலவழித்தபின், ஓர் ஏர்த் வயரின் முனையைச் சுரண்டியதும் எல்லாம் சரியாகிவிட்ட கதைகள் ஏராளம்.

பழைய பிரித்தானியக் கார்களின் லூக்காஸ் மின்சாதனங்களைப் பற்றி அமெரிக்கர்கள் சொல்லும் பகடிகள் பிரசித்தமானவை. அந்நிறுவனத்தை உருவாக்கியவருக்கு "இருளின் இளவரசர்" என்ற பட்டத்தையே சூட்டினார்கள். மொறிஸ் மைனரில் இருந்தவை இரண்டே பியூஸ்கள். ஆயினும் அதனை ஒரு பிற்பகலில் முழுமையாகச் சோதித்துவிடலாம். இன்று நாம் ஓட்டும் இருபது வயதுக் கார்களிலோ கணனிகளும் உணரிகளும் நூற்றுக்கணக்கான இணைப்புகளும் உள்ளன. இணைப்பொன்றில் பச்சை நிறத்தில் செம்புக் களிம்பு படிந்தாலே போதும்; கணனி தவறான செய்தியைப் பெற்றுத் தடுமாறும்.

நியூ ஜேர்சி: உப்பின் ஆட்சி

எடிசன், ஜேர்சி சிற்றி, பிரிட்ஜ்வோட்டர் எனப் பரந்து வாழும் எம்மவர்க்குக் குளிர்கால வீதி உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பனி பெய்யுமுன்னரே உப்புக் கரைசலை வீதியில் தெளிப்பது இன்று வழமை. அது சக்கரங்களால் எற்றப்பட்டு வாகனத்தின் ஒவ்வோர் இடுக்கிலும் புகுகின்றது. சூடேற்றப்பட்ட கராஜில் காரை விடுவது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். உப்புச் சேற்றோடு உள்ளே விட்டால், உறைநிலையில் மெதுவாக நடக்கும் அரிப்பு அந்த வெப்பத்தில் வேகம் பெறுகின்றது என்பதே உண்மை.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. 2010 இல் ரொயோற்றா நிறுவனம் சுமார் ஆறு இலட்சம் சியன்னா வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அடியில் மேலதிகச் சக்கரத்தைத் தாங்கும் கம்பி உப்பினால் அரித்து, சக்கரம் வீதியில் விழக்கூடும் என்பதே காரணம். ரக்கோமா, ருண்ட்றா ஆகிய ட்றக்குகளின் சட்டகங்கள் உக்கிய வழக்கில், 2016 இல் 340 கோடி டொலர் வரை பெறுமதியான இணக்கத்துக்கு அதே நிறுவனம் உடன்பட்டது. 2023 இல் ஹொண்டா நிறுவனம் 2007 முதல் 2011 வரையான சீ.ஆர்.வி. வாகனங்கள் ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை நியூ ஜேர்சி உட்பட 22 மாநிலங்களில் திருப்பி அழைத்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் புயம் சட்டகத்தோடு சேருமிடம் அரித்துப் பிரியக்கூடும் என்பதே அங்கு கண்ட ஆபத்து.

இவற்றிலும் மறைவான ஆபத்து பிரேக் குழாயில் இருக்கின்றது. பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்கள் காரின் அடியில் நெடுக ஓடுகின்றன. அவை அரித்து வெடித்தால் மிதி திடீரெனத் தரைவரை இறங்கிவிடும். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 இல் ஒரு பொது அறிவுறுத்தல் விடுத்தது. உப்புத் தூவும் மாநிலங்களில் 2007 ஆம் ஆண்டினதும் அதற்கு முந்தியனவுமான வாகனங்களை வைத்திருப்போர், அடிப்பாகத்தைக் கழுவிப் பிரேக் குழாய்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே அது. அந்தப் பட்டியலிலும் நியூ ஜேர்சி இருந்தது.

குடாக்கடற் பகுதியும் ரெக்சாசும்

சன் பிரான்சிஸ்கோ குடாக்கடற் பகுதியில் வீதி உப்பு இல்லை. பசிபிக்கா, டேலி சிற்றி போன்ற கரையோர ஊர்களின் கடற்பனிமூட்டத்தை விட்டால், பிறீமொன்ற், சனிவேல் பகுதிகளில் முப்பது வயதுக் காரின் தகடும் திடமாகவே இருக்கும். அங்கே வேலை காட்டுவது மின்பகுதி. வயர்களின் உறை ஆண்டாண்டு வெப்பத்தால் வெடிக்கின்றது. அடுக்குமாடிகளின் வாகனத் தரிப்பிடங்களில் எலிகள் அதனைக் கொறிக்கின்றன.

அப்பகுதியில் எம்மவர் பலரின் விருப்பத்துக்குரிய வாகனம் பிறியஸ். 2004 முதல் 2009 வரையான பிறியஸின் பெரிய பற்றரி 28 கூறுகளால் ஆனது. அதன் மின்னழுத்தம் 201.6 வோல்ற். கூறுகளை இணைக்கும் செம்புத் தகடுகள் களிம்பேறினாலும், பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டாலும் பற்றரி சூடேறிக் கெடுகின்றது. அத்துவாரத்தை உடைகளாலும் பொதிகளாலும் மறைக்காதிருப்பதும், தூசியை அகற்றுவதும் நாமே செய்யக்கூடியவை. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடும் வேலையோ பயிற்சி பெற்றவருக்கு மாத்திரமே உரியது.

ரெக்சாசில் பகை வேறு வடிவில் வருகின்றது. 2017 ஓகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளத்தில் ஹூஸ்ரன் பகுதியில் சில இலட்சம் வாகனங்கள் மூழ்கின. 2012 ஒக்ரோபரில் சாண்டி புயலின்போது நியூ ஜேர்சியும் இதே அவலத்தைக் கண்டது. மூழ்கிய கார்கள் எல்லாம் உடைக்கப்படவில்லை. கழுவித் துடைத்து, பத்திரத்தில் இருக்கவேண்டிய குறிப்பு மறையும்படி மாநிலம் மாற்றி விற்கப்பட்டவையும் உண்டு. புதிதாக வந்தவரே மலிவு கண்டு இவற்றில் அகப்படுகின்றனர். வாங்கும்போது கார் நன்றாகவே இருக்கும். சில மாதங்களில் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் களிம்பேறத் தொடங்கும். ஆசனப் பட்டியை முழுமையாக வெளியே இழுத்துக் கறையைப் பாருங்கள். கம்பளத்தைத் தூக்கி வண்டல் உண்டா எனத் தேடுங்கள். ஆசன ஆணிகளில் கறள் இருந்தால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த அந்த மண்ணில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தகாதா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் உள்ள இரசாயனம் ஈரவெப்பத்தால் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளாகச் சிதறி, அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்துள்ளது. 2001 முதல் 2003 வரையான ஹொண்டா, அக்கூரா வாகனங்கள் சிலவற்றில், வெடிக்கும் பையில் இரண்டுக்கு ஒன்று சிதறக்கூடும் என 2016 இல் அரசே எச்சரித்தது. முன்கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ள 17 எழுத்து வாகன இலக்கத்தை வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையத்தளத்தில் இட்டால், நிறைவேற்றப்படாத அழைப்பு உண்டா என்பதை இலவசமாக அறியலாம். இக்காற்றுப்பைகளை மாற்றுவதற்கும் கட்டணமில்லை.

அரசு பார்ப்பதில்லை

இங்கேதான் எம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. நியூ ஜேர்சி மாநிலம் 2010 ஓகஸ்டில் சாதாரணக் கார்களுக்கான பாதுகாப்புப் பரிசோதனையை நிறுத்திவிட்டது. அங்கே இப்போது நடப்பது புகைச் சோதனை மாத்திரமே. ரெக்சாஸ் 2025 ஜனவரி முதல் தனியார் கார்களுக்கான பாதுகாப்புப் பரிசோதனையைக் கைவிட்டது. ஹூஸ்ரன், டலஸ் போன்ற பெருநகர்ப் பகுதிகளில் புகைச் சோதனை தொடர்கின்றது. கலிபோர்னியாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பதும் புகைச் சோதனையே. கண்ணாடியில் ஒட்டப்பட்ட தாளைக் கண்டு "அரசே பரிசோதித்துவிட்டது" என நிம்மதி கொள்பவர், தம் காரின் பிரேக் குழாயை எவருமே பார்க்கவில்லை என்பதை உணர்வதில்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் எம்மிடமே வந்து சேர்ந்துள்ளது.

செய்ய வேண்டியவை

குளிர்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறையேனும் அடிப்பாகத்தை நீரால் கழுவுவிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில், உப்பு விழுமுன், அடிப்பாகத்துக்கு எண்ணெய்ப் பூச்சு இடலாம். கறளை அகற்றாமல் அதன்மேல் தடித்த கரும்பூச்சு அடிப்பது கூடாது. அது ஈரத்தை உள்ளே சிறைப்பிடிக்கும். கதவின் அடியில் உள்ள நீர்வடி துளைகள் அடைபடாதிருக்க வேண்டும். எண்ணெய் மாற்றக் கார் உயர்த்தப்படும்போது, பிரேக் குழாய், சட்டகம், கதவின் கீழ் நெடுக்குப் பெட்டி ஆகியவற்றை நமக்குக் காட்டுமாறு திருத்துநரிடம் கேட்பது எமது உரிமை. பெரும்பாலான கார்களில் தகட்டு உடலே முதுகெலும்பு. அங்கே விரலால் அழுத்தினால் உட்செல்லும் இடம் இருந்தால், அந்தக் காரின் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

மின்பகுதிக்குச் சிறியதொரு வோல்ற்மானி போதும். ஓய்வில் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். இயந்திரம் ஓடும்போது அது 14 வோல்ற் அளவுக்கு உயரவேண்டும். பற்றரியின் எதிர்முனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையில், இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் கணத்தில், அரை வோல்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் பழுதென்று கொள்ளலாம். அடிக்கடி எரியும் பியூசுக்குப் பதிலாகப் பெரியதைப் போடுவது வீட்டுக்கே தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

தாய்மண்ணில் தட்டுப்பாடு எம்மைக் கவனமுள்ளவர்களாக்கியது. இங்கே எல்லாம் கிடைக்கின்றன. எனவே குனிந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது. நேசிக்கும் வாகனத்தை வைத்திருப்பதில் தவறில்லை. வரும் முதற் பனிக்கு முன்னர் ஒரு விடுமுறை நாளில் அதனை உயர்த்தி, பிள்ளைகளையும் அழைத்துக் கீழே காட்டுங்கள். உறுதியாக இருந்தால் நம்பிக்கையோடு ஓட்டுங்கள். உக்கியிருந்தால், நினைவுகளை வைத்துக்கொண்டு காரை விட்டுவிடுங்கள்.