உங்களுக்குத் தெரியுமா? வள்ளி ஒரு ஊர், முருகன் ஒரு ஊர்!

★ ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியும் முருகனும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதே மேடையில்தான் என்பதும் உண்டு. காரணம், இதில் நிலையான 'செட்டு', அதாவது குழு, என்று எதுவும் இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன்) மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் (கோமாளி) மூன்றாவது ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வேறு வேறு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே 'ஸ்பெஷலாக' அழைப்பதால்தான் இந்தப் பெயர். நாடகக் கம்பெனிகள் கலைந்தபின் நடிகர்கள் பிழைக்கக் கண்டுபிடித்த வழி இது. ஒத்திகையே கிடையாது. இரவு பத்து மணி வாக்கில் பபூன் வந்து சிரிக்க வைத்துத் தொடங்கினால், விடியும்வரை போகும்.

ஒத்திகை இல்லாமல் இது எப்படி முடிகிறது? வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா என்று நாடகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். வசனம் அந்த நேரத்தில் வாயில் வருவதுதான். நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்தில் எதிராளி என்ன கேட்பார் என்று இருவருக்குமே தெரியாது. ஊர்க்காரர்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான் என்பது என் கட்சி.

★ மேடையில் ஜொலிக்கும் ஸ்திரீபார்ட் பஸ் நிலையத்தில் சாதாரணச் சேலையில், கும்பலோடு கும்பலாக நிற்பார். "நாடகக்காரி" என்று யாரும் சுட்டிவிடக் கூடாதே என்ற கவனம். வழிப்பயணத்தில் நடிகைகள் காக்கும் இந்த எச்சரிக்கையைப் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சீசர் விரிவாகவே எழுதியிருக்கிறார். தமிழ் ஸ்பெஷல் நாடகம் குறித்த அவருடைய நூல் 2005-இல் வந்தது. இரவில் கைதட்டிய அதே ஊர், பகலில் முகம் சுளிக்கும். இதை எழுத ஒரு அமெரிக்கர் வரவேண்டியிருந்தது!

★ சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் போலீஸுக்கோ பேய்க்கோ பயந்ததைவிட 'மகரக்கட்டு'க்குப் பயந்திருப்பார்கள். பருவம் வந்து குரல் உடையும் காலத்துக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நேற்றுவரை சீதையாகப் பாடிய பையனுக்கு இன்று தவளைக் குரல். வேஷம் கைமாறும். தப்பித்தால் ராஜபார்ட், இல்லையென்றால் வீடு.

★ சின்னையா கணேசன் என்ற சிறுவன் யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் நாடகக் குழுவில் சேரும்போது, தான் அனாதை என்று பொய் சொன்னான். பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். முதலில் கிடைத்தது சீதை வேஷம். பின்னாளில் அவர்தான் சிவாஜி கணேசன்.

★ நாடகக் கொட்டகையில் சோடா விற்றுத் திரிந்த நாகர்கோவில் பையன் ஒருவர் அதே உலகத்தில் நடிகராகி, டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவிலும் நடித்து, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஆனார்.

★ கும்பகோணம் பாலாமணி அம்மாள் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். பெண்களே நடத்திய கம்பெனி அது. நாடகக்காரர்கள் ஊர் ஊராகப் போவதுதானே வழக்கம்? இங்கே பார்க்கிறவர்கள்தான் ரயிலேறினார்கள். நாடகம் பார்க்க வருவோருக்காகவே 'பாலாமணி ஸ்பெஷல்' என்று ரயில் ஓடியதாகச் சொல்வார்கள்.

★ 1891-இல் பல்லாரி கிருஷ்ணமாசாரியின் 'சரச விநோதினி சபா' சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்தம். நாடகம் என்றாலே ஏளனமாக நினைத்திருந்த அவருக்கு மனம் மாறியது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கிவிட்டார். வெளியூர்க் குழு ஒன்று வந்து போனதில் சென்னைக்குக் கிடைத்த வரவு இது.

★ எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்தது இலங்கை மேடையில். எம்.ஜி.ஆர். சிறுவயதிலேயே நாடகக் குழுவோடு ரங்கூனுக்குக் கப்பலேறியவர். அன்றைய கம்பெனிக்காரர்களுக்கு அக்கரை என்பது அடுத்த 'கேம்ப்'.

★ எம்.ஆர்.ராதா நாடகத்துக்குப் போனால் முதலில் அறிவிப்புப் பலகையைப் படிக்க வேண்டும். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் காசை வீணாக்கி உள்ளே வரவேண்டாம் என்கிற தோரணையில் அவரே எழுதி வைப்பார். 1954-இல் சென்னை மாநிலத்தில் வந்த நாடகச் சட்டம் அவரைக் குறிவைத்ததுதான் என்று அப்போதே பேச்சு. தடை விழுந்தால் பெயரை மாற்றி அடுத்த ஊரில் திரை தூக்கிவிடுவார்!

★ தெருக்கூத்து ஜமாவின் (குழுவின்) பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் பார்வைக்கு மலைபோல இருக்கும், கனமோ இருக்காது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. தலையில் வைத்து இரவெல்லாம் கிறுகிறுவென்று சுற்றியாக வேண்டுமே!

★ சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எமன், சனீஸ்வரன், இராவணன் என்று பயங்கர வேஷங்களுக்குப் பேர்போனவர். சனீஸ்வரனாக ஆடி முடித்த ஒரு விடியற்காலை, ஒப்பனையைக் கழுவக் குளக்கரைக்குப் போனார். கொட்டகையில் தண்ணீர் வசதி ஏது? துணி துவைக்க வந்த பெண் அந்தக் கருப்பு உருவத்தைப் பார்த்து, பயத்தில் அங்கேயே உயிர்விட்டாளாம். நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. அன்றோடு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டுப் பாட்டு எழுதுவதும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுமாக அவர் ஆகிவிட்டார் என்று முடிப்பார்கள்.