248 மீட்டர் குறைந்த மலை

அன்டார்க்டிகாவின் மிக உயர்ந்த சிகரம் வின்சன். 1935இல் லிங்கன் எல்ஸ்வொர்த் விமானத்தில் பறந்து சென்டினல் மலைத்தொடரைக் கண்டார், பெயரும் வைத்தார். அதிலேயே பெரிய சிகரம் மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பியது. மேலும் 22 ஆண்டுகள் கழித்து, 1958 ஜனவரியில், அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றிலிருந்துதான் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

முதலில் கணித்த உயரம் 5,140 மீட்டர். நிலப்படங்களில் அந்த எண்ணே வெகுகாலம் நின்றது. 1979-80இல் எடுத்த அளவை அதை 4,897 ஆக்கியது. 2004இல் டேமியன் கில்டியாவின் குழு ஜிபிஎஸ் கருவியை உச்சிக்கே கொண்டுபோய் வைத்து அளந்தது: 4,892. பனி உருகவில்லை, பாறை தேயவில்லை. காகிதத்தில் மட்டும் 248 மீட்டர் போயிற்று. கூடவே, அந்தக் கண்டத்தில் ஐயாயிரத்தைத் தொடும் மலை ஒன்றுகூட இல்லை என்றாயிற்று. சரியான எண் கிடைத்தது நல்லதுதான். ஆனாலும் பழைய எண்ணின் மீது எனக்கு ஒரு சாய்வு உண்டு.

அந்த எண் நிலைத்திருந்த காலத்தில், 1966இல், நிக்கலஸ் கிளிஞ்ச் தலைமையில் மலையேறிகள் பத்துப் பேர் வின்சனுக்குப் போனார்கள். பனிச்சறுக்குக் கட்டைகள் பொருத்திய கடற்படையின் ஹெர்குலிஸ் விமானம் அவர்களை இறக்கிவிட்டது. எந்தப் பக்கமாக ஏறலாம் என்பதையே அவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 18 அன்று முதல் நால்வர் உச்சியை அடைந்தனர். அந்தக் கோடை முடிவதற்குள், அதுவரை யாரும் ஏறாத ஆறு சிகரங்களில் அவர்களின் கால் பட்டிருந்தது.

இன்று சிலியின் புன்டா அரினாசிலிருந்து பெரிய விமானம் யூனியன் பனியாற்றுக்குப் பறக்கிறது. அங்கே காற்று ஓயாமல் பனித்தூளை அடித்துச் செல்வதால் அடியிலுள்ள நீலப் பனிக்கட்டி கல்போல் வெளியே தெரிகிறது, சக்கரங்களோடே இறங்கலாம். பிறகு சிறிய விமானம் மலையடிவார முகாமில் விடுகிறது. செங்குத்தான சரிவில் கயிறு முன்பே கட்டியிருக்கும், வானிலை முன்னறிவிப்பு வந்துவிடும். செலவு நாற்பதாயிரம் டாலருக்கு மேல். மலம்கூட அங்கே தங்கக் கூடாது. பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது.

வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏழு கண்டங்களின் ஏழு உச்சிகளில் இது ஒன்று. அதனால் கிட்டத்தட்ட எல்லோரும் ஏறுவது ஒரே வழியில்தான். அருகிலிருக்கும் டைரீ சிகரம் உயரத்தில் 40 மீட்டர்தான் குறைவு, ஏறுவதற்கோ பன்மடங்கு கடினம். கிளிஞ்சின் குழுவில் இருவர் 1967 ஜனவரியில் அதன் உச்சியைத் தொட்டார்கள். ஆனால் ஏழு உச்சிகளின் பட்டியலில் அது இல்லை. இன்றும் அந்தப் பக்கம் போகிறவர்கள் மிகச் சிலரே.